காத்திருக்கத் தெரிந்த குரல்

ஒரு கலைஞரின் முதற்படைப்பில் பெரும்பாலும் அவசரம் தெரியும். தனக்குத் தெரிந்த அனைத்தையும் ஒரே மூச்சில் காட்டிவிட வேண்டும், கேட்போரை உடனே வியக்கவைக்க வேண்டும் என்னும் துடிப்பு அதில் இருக்கும். இளமையின் இயல்பு அது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அவசரத்தின் சாயலே படியாத முதற்படைப்பு ஒன்றை எப்போதாவது சந்திக்க நேரும்போது, நாம் சற்று நின்று செவி சாய்க்கிறோம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகியும் பியானோக் கலைஞருமான ராபர்ட்டா ஃப்ளாக் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் டேக்’ என்னும் இசைத்தட்டு அத்தகையது. கேட்கக் கேட்க அதன்மீது நமக்குக் காதலே பிறந்துவிட்டது எனலாம். காதல் என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தே இங்கு எழுதுகிறோம். ஏனெனில் காதல் என்பது யாது என்னும் கேள்விக்கு இந்த இசைத்தட்டு தரும் விடை, நம் மறைக்கல்வி ஏடுகள் பல தரும் விடையைவிடத் தெளிவானது.

எட்டே பாடல்கள், ஏறக்குறைய 46 நிமிடங்கள். நியூயார்க் நகரின் அட்லாண்டிக் ஒலிப்பதிவுக் கூடத்தில், 1969 பிப்ரவரியில், மொத்தம் பத்து மணி நேரம்போல் செலவிட்டு இது பதிவு செய்யப்பட்டது என்பர். ‘ஃபர்ஸ்ட் டேக்’ என்பது ஒலிப்பதிவுக் கூடத்தார் வழங்கும் சொல். முதன்முறை பாடிப் பதிவு செய்ததையே அது குறிக்கும். பத்து மணி நேரத்தில் முடிந்த வேலையா என்று வியப்போர், அதற்கு முன் கழிந்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். அப்போது ராபர்ட்டாவுக்கு வயது 32.

அவர் 1937ஆம் ஆண்டு வடகரோலினா மாநிலத்துப் பிளாக் மவுண்டன் என்னும் சிற்றூரில் பிறந்து, வெர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனில் வளர்ந்தவர். அன்னையார் கோவிலில் ஆர்கன் வாசித்தவர். தந்தையார், கழித்துப் போடப்பட்ட பழைய பியானோ ஒன்றைத் தேடிக் கொணர்ந்து, செப்பனிட்டுப் பச்சை வண்ணம் பூசி மகளுக்குக் கொடுத்தார். அந்தப் பச்சைப் பியானோவைப் பற்றி ராபர்ட்டா தம் முதிர்ந்த வயதில், 2023இல், சிறுவர்க்கென ஒரு நூலே வெளியிட்டார். பதினைந்தாம் வயதில் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இசை பயில உதவித்தொகையுடன் சேர்ந்தார். மேலைச் செவ்வியல் இசை மேடையில் பியானோ வாசிப்பதே அவரது கனவு. கறுப்பினப் பெண் ஒருத்திக்கு அந்த மேடையின் கதவு 1950களில் எளிதில் திறப்பதாக இல்லை. தந்தையார் மறைந்தபின் அவர் பள்ளி ஆசிரியையானார். பின்னர் வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் சிறுவர் சிறுமியர்க்கு இசை கற்பித்தார். மாலை வேளைகளில் உணவு விடுதிகளில் ஆப்பரா பாடுவோருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். இடைவேளைகளில் தாமே சில பாடல்களைப் பாடினார்.

1968இல் வாஷிங்டனில் ‘மிஸ்டர் ஹென்றிஸ்’ என்னும் விடுதி அவருக்கு நிலையான மேடை தந்தது. நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அருகிலுள்ள விடுதி அது. அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபின் அந்நகரத்தின் வீதிகள் பற்றி எரிந்தன என்பதை நினைவிற்கொள்க. அந்த நகரத்தில், இரவுதோறும், உண்போரும் குடிப்போரும் உரையாடுவோரும் நிறைந்த கூடத்தில், அமைதியை ஏற்படுத்தக் கற்றுக்கொண்டார் ராபர்ட்டா. ஜாஸ் பியானோக் கலைஞர் லெஸ் மெக்கான் அங்கு அவரைக் கேட்டு நெகிழ்ந்து, அட்லாண்டிக் நிறுவனத்தாரிடம் பரிந்துரைத்தார். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜோயல் டார்ன் முன்னிலையில், மூன்று மணி நேரத்தில் 40க்கும் மேற்பட்ட பாடல்களை அவர் பாடிக் காட்டினாராம். பத்து மணி நேரத்தில் முடிந்த இசைத்தட்டின் பின்னே இத்தனை ஆண்டுகள் ஊறிய நீர் இருக்கிறது. கிணறு ஆழமாயின் இறைப்பதற்கு நேரம் அதிகம் வேண்டியதில்லை.

உலகம் இந்த இசைத்தட்டை அறிந்துகொண்டது ஒரு காதற்பாடலால். ‘த ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்’ என்பது அதன் பெயர். அன்பரின் முகத்தை முதன்முதலாகக் கண்ட கணத்தைப் பற்றியது. பிரிட்டனின் நாட்டார் பாடகர் இவான் மெக்கால் 1957இல், பின்னாளில் தம் துணைவியான பெகி சீகருக்காக இயற்றியது. நாட்டார் பாடகர் பலர் கிதார் ஒலிக்க இதனை விரைந்து பாடிச் செல்வர். இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். ராபர்ட்டா அதனையே ஐந்து நிமிடங்களுக்கு மேல் பாடுகிறார். கூடுதலாக ஒரு சொல்லும் இல்லை. கூடியவை இடைவெளிகளே.

அந்த இடைவெளிகளைக் கவனியுங்கள். ரான் கார்ட்டரின் தாழ்ந்த தந்திக் கருவி ஒரு நாதத்தை ஊன்றிவிட்டு விலகுகிறது. கிதார் மென்மையாகத் தொட்டுச் செல்கிறது. பியானோ, பாடுபவர் கையிலேயே இருப்பதால், குரல் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்குகிறது. ஒரு சொல்லைப் பாடியபின் அடுத்த சொல் வருமோ வராதோ என்று நாம் ஏங்கும் அளவுக்கு அவர் காத்திருக்கிறார். பிறகு அது வருகிறது. வந்தபின், அச்சொல்லைத் தவிர வேறொன்றும் அவ்விடத்தில் வந்திருக்க இயலாது என்று தோன்றுகிறது. வேறொருவர் பக்கவாத்தியம் வாசித்திருந்தால் இத்தகைய மௌனம் வாய்த்திருக்குமா என்பது ஐயமே. தம் குரலுக்குத் தாமே வழிவிடும் கலை, பாடிக்கொண்டே வாசிப்போர்க்கு மட்டும் உரிய ஒரு வரம்.

1971இல் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் தாம் முதன்முதலாக இயக்கிய ‘ப்ளே மிஸ்டி ஃபார் மீ’ திரைப்படத்தில் இப்பாடலைச் சேர்க்க அனுமதி கேட்டார். பாடல் மிக மெதுவாக இருக்கிறது, இன்னும் சற்று விரைவாகப் பாடிப் பதிவு செய்து தருகிறேன் என்றாராம் ராபர்ட்டா. வேண்டாம், உள்ளபடியே இருக்கட்டும் என்றார் ஈஸ்ட்வுட். படம் வெளிவந்தபின் 1972இல் அப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. மூன்றாண்டுகளுக்கு முன் வெளிவந்து பலர் செவிக்கு எட்டாதிருந்த இசைத்தட்டும் முதலிடத்திற்கு ஏறியது. 1973இல் அவ்வாண்டின் சிறந்த ஒலிப்பதிவு என்னும் கிராமி விருதும் கிட்டியது. காத்திருத்தலைப் பற்றிய பாடலே காத்திருந்துதான் தன் காலத்தை அடைந்தது.

முகத்தைக் காண்பது என்பது மறைநூலில் சிறு செய்தியன்று. ஆண்டவரின் முகத்தையே நாடுவதாகத் திருப்பாடலாசிரியர் ஏங்குகிறார். தன்னைக் கொல்ல நினைத்த அண்ணன் ஏசாவைப் பல்லாண்டுகளுக்குப் பின் சந்திக்கும் யாக்கோபு, உன் முகத்தைக் காண்பது கடவுளின் முகத்தைக் காண்பதுபோல் இருக்கிறது என்னும் பொருளில் பேசுவதைத் தொடக்க நூலின் 33ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மனித முகம் இறைமுகத்தின் வாயில் என்னும் அந்த உண்மையை, மறையுரை எதுவும் நிகழ்த்தாமல், ஓர் ஆண் பெண் காதலைப் பாடியே இப்பாடல் உணர்த்துகிறது. விரும்பிய ஒருவரை விழுங்கிவிட வேண்டும், கைக்கொள்ள வேண்டும் என்ற பதற்றம் இதில் இல்லை. காண்பதே போதும் என்று நிற்கிறது. தியானத்திற்கும் காதலுக்கும் இடையே உள்ள தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவானது.

ஆனால் எந்த முகம்? இந்தக் கேள்வியையும் அதே இசைத்தட்டு எழுப்புகிறது. இரண்டாம் பாடலான ‘ஆன்ஹெலீத்தோஸ் நேக்ரோஸ்’ ஸ்பானிய மொழியிலானது. ‘சின்னஞ்சிறு கறுப்பு வானதூதர்கள்’ என்று பொருள்படும். வெனிசுவேலா நாட்டுக் கவிஞர் ஆந்த்ரேஸ் எலோய் பிளாங்கோவின் கவிதையிலிருந்து உருவான பாடல் இது. இதே பெயரில் 1948இல் மெக்சிகோவில் ஒரு திரைப்படமும் வந்தது. கோவில்களுக்குச் சித்திரம் தீட்டும் ஓவியரை நோக்கி ஒருவர் முறையிடுகிறார்: வானதூதர்களைத் தீட்டும் உன் தூரிகை ஏன் எங்கள் நிறத்தை மறந்தது? எங்கள் குழந்தைகளும் இறந்து விண்ணகம் செல்கின்றனர் அல்லவா? இதுவே அம்முறையீட்டின் சாரம்.

ஆங்கிலம் பேசும் மக்களுக்கான இசைத்தட்டில், ஒரு புதிய பாடகி, ஏழு நிமிடம் நீளும் ஸ்பானியப் பாடலை இரண்டாவதாக வைப்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும். வணிகக் கணக்குப் பார்ப்பவர் எவரும் அதைச் செய்யார். மென்குரலில் தொடங்கும் பாடல், தந்திக் கருவிகள் திரள, படிப்படியாக உயர்ந்து, இறுதியில் மன்றாட்டாகவே மாறுகிறது. இசைத்தட்டு முழுவதிலும் குரலை அடக்கியே வைக்கும் ராபர்ட்டா, இங்கே அதனை அவிழ்த்துவிடுகிறார். தனக்காக அன்றி, சித்திரத்தில் இடம் கிடைக்காத குழந்தைகளுக்காக.

இப்பாடல் நம்மையும் விட்டுவைக்கவில்லை. நம் ஆலயங்களின் பீடங்களைச் சுற்றிச் சிறகு விரிக்கும் வானதூதர்களின் கன்னங்கள் எந்த நிறத்தில் உள்ளன என்று பாருங்கள். கறுத்த கைகளால் மெழுகுவர்த்தி ஏற்றும் நம் மக்கள், வெளுத்த முகங்களையே அண்ணாந்து பார்த்துப் பழகியிருக்கின்றனர். பழக்கம் கேள்வியை அடக்கிவிடுகிறது. கடவுள் தம் சாயலில் மனிதரைப் படைத்தார் என்று சிறுவர்க்குக் கற்பிக்கும் நாம், அச்சாயலுக்கு ஒரே நிறம்தான் என்று சுவர்களைக் கொண்டு கற்பித்துவிடலாகாது. ஒரு பாடகியின் முதல் இசைத்தட்டு இதனை நமக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

முதற்பக்கத்தின் கடைசிப் பாடலான ‘ஐ டோல்ட் ஜீசஸ்’ அமெரிக்கக் கறுப்பின மக்களின் மரபான ஞானப்பாடல். இயேசு தன் பெயரை மாற்றினாலும் தனக்குச் சம்மதமே என்று அவரிடம் கூறும் ஓர் ஆன்மாவின் குரல் அது. அப்படி மாறினால் பெற்றோரும் உலகமும் உன்னை அறியமாட்டார்கள் என்று இயேசு எச்சரிக்கிறார். ஆயினும் ஆன்மா பின்வாங்கவில்லை. ஆபிராம் ஆபிரகாம் ஆனார். யாக்கோபு இஸ்ரயேல் ஆனார். வெற்றி பெறுவோருக்குப் புதிய பெயர் பொறித்த வெண்கல் தரப்படும் என்கிறது திருவெளிப்பாடு நூல். இவையெல்லாம் நாம் அறிந்தவையே. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களுக்குப் பெயர்மாற்றம் என்பது வேறொரு கொடிய பொருளும் உடையது. தாய் தந்தையர் இட்ட பெயரைப் பறித்து, முதலாளி தன் விருப்பப்படி ஒரு பெயரைச் சூட்டினான். பெயர் பறிக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், இன்னொரு முறை பெயர் மாற இசைவதாகப் பாடுகிறார்கள் என்றால், இம்முறை அது வன்முறையால் வருவதன்று, தாங்களே நம்பி ஒப்புக்கொடுப்பது என்பதே அதன் பொருள். திருமுழுக்கில் பெயர் பெற்ற நாம், அப்பெயரை இவ்வளவு விலை கொடுத்துப் பெற்றதாக எண்ணியதுண்டா?

ராபர்ட்டா இதனை ஆர்ப்பரித்துப் பாடவில்லை. கைதட்டலும் கூச்சலும் இல்லை. தனியறையில் ஒருவர் மற்றொருவரிடம் மெல்லப் பேசுவது போலிருக்கிறது. 1972 அக்டோபரில், அமெரிக்க பேஸ்பால் விளையாட்டின் பெருங்குழுக்களில் நிறத்தடையை 1947இல் உடைத்த ஜாக்கி ராபின்சன் மறைந்தபோது, அவரது அடக்கத் திருவழிபாட்டில் ராபர்ட்டா இப்பாடலைப் பாடினார். தன் பெயரால் ஓர் இனத்தின் பெயரையே உயர்த்திய மனிதருக்கு, பெயரைப் பற்றிய பாடல்! இதனினும் பொருத்தமான வழியனுப்புதல் இராது.

இவ்விசைத்தட்டு சமயத்திற்குப் புகழ்மாலை சூட்டுகிறது என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். ஜீன் மெக்டேனியல்ஸ் இயற்றிய முதற்பாடல் ‘கம்பேர்ட் டு வாட்’, காரணம் சொல்லப்படாத போரையும் பொய்ம்மையையும் சாடுகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதே பாடலின் சரணம் ஒன்று, ஞாயிறு வழிபாட்டில் தூங்கி வழிவோரையும், அச்சமூட்டியே பிழைக்கும் பிரசங்கியாரையும் எள்ளி நகையாடுகிறது. மறையுரை மேடையில் ஏறுவோர் யாவரும் இச்சரணத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேட்பது நலம். கோவிலின் ஆர்கன் ஒலியில் வளர்ந்த மகள் பாடும் கண்டனம் இது. வெளியிலிருந்து எறிந்த கல்லன்று. தன் வீட்டைத் துப்புரவாக்க விரும்பும் ஒருவர் கையிலெடுத்த துடைப்பம். கண்டனம் செய்த அதே வாய் மூன்று பாடல்களுக்குப்பின் இயேசுவோடு தனித்துப் பேசுகிறது. இரண்டுக்கும் இடையே அவர் முரண்பாடு எதையும் காணவில்லை. நாமும் காண வேண்டியதில்லை. இறைவாக்கினர் ஆமோசும் எரேமியாவும் அப்படியே இருந்தனர்.

இறுதிப் பாடலான ‘பேலட் ஆஃப் த சேட் யங் மென்’ ஏழு நிமிட நீளமுடையது. 1959ஆம் ஆண்டு மேடையேறிய ஓர் இசை நாடகத்திற்காக ஃப்ரான் லாண்ட்ஸ்மன் எழுத, டாமி வுல்ஃப் இசையமைத்தது. மதுக்கூடங்களில் அமர்ந்து, இளமை நழுவிப்போவதைக் குவளைக்குள் மறைக்க முயலும் தனித்த இளைஞர்களைப் பற்றியது. உலகத்தாரின் முகச்சுளிப்புக்கு ஆளான, தம் அன்பை வெளியே சொல்லவும் இயலாத மனிதர்களின் பாடலாகப் பலர் இதனைக் கேட்டிருக்கின்றனர். ராபர்ட்டா இரவுதோறும் பாடியது அத்தகையோரும் வந்தமரும் விடுதியில்தான். தம் முன்னே அமர்ந்திருந்த முகங்களைப் பார்த்தே அவர் இதனைப் பாடியிருக்க வேண்டும். தீர்ப்பு இல்லை, அறிவுரை இல்லை. நல்ல சமாரியர் சாலையோரத்தில் குனிந்ததுபோல் குரல் தாழ்கிறது. அன்பரின் முகத்தைக் கண்ட அதே பொறுமையோடு, எவரும் காண விரும்பாத முகங்களையும் அவர் காண்கிறார். இந்த ஒருமையே இசைத்தட்டின் மையம் என்று நாம் கருதுகிறோம். காதலருக்கு ஒரு பார்வை, கடவுளுக்கு ஒரு பார்வை, கைவிடப்பட்டோர்க்கு ஒரு பார்வை என்று அவரிடம் மூன்று பார்வைகள் இல்லை.

குறைகள் இல்லையோ எனின், உண்டு. வில்லியம் ஃபிஷர் அமைத்த தந்திக் கருவிகள் சில இடங்களில், குறிப்பாக வயது வேறுபட்ட இருவரின் காதலைப் பாடும் ‘அவர் ஏஜஸ் ஆர் அவர் ஹார்ட்ஸ்’ பாடலில், தேவைக்கு மேல் பெருகிக் குரலின் எளிமையை மறைக்கின்றன. மெல்லிசைப் பாடல்கள் அடுத்தடுத்து வருவதால், முதன்முறை கேட்போர்க்குச் சற்று அயர்வு தோன்றக்கூடும். ராபர்ட்டாவின் இசை அடக்கம் மிகுந்தது, அதில் வெப்பம் போதவில்லை என்று அவர் நாட்டு விமர்சகர் சிலர் குறை கூறியதும் உண்டு. கறுப்பினப் பாடகி என்றால் கதறித்தான் பாட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அக்குறைக்குள் ஒளிந்திருக்கிறது. கதறாத துயரமும் துயரமே. அடுப்பில் கொழுந்துவிட்டு எரியும் தீயைக் காண்போர், சாம்பலுக்குள் இரவெல்லாம் அணையாதிருக்கும் கங்கை மறந்துவிடுகின்றனர். காலையில் அடுப்பு மூட்டுவதற்குக் கை கொடுப்பது அந்தக் கங்குதான்.

நம் பாடற்குழுவினர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஒலிபெருக்கியின் விசையைத் திருகுவதும், தாளத்தை விரைவாக்குவதும், ஒரு நொடி மௌனம் நேர்ந்தாலும் மின்விசைப் பலகையைத் தட்டி அதனை நிரப்புவதும் பக்தியை வளர்க்கும் என்று நம்பப்படுகிறது. நற்கருணை பெற்றபின் வரும் மௌனத்தைக்கூட நம்மால் தாங்க முடிவதில்லை. விடுதியில், குவளைகள் மோதும் ஒலிக்கு நடுவே, ஒரு பள்ளி ஆசிரியை மௌனத்தை உருவாக்கினார். ஆலயத்தில் இருக்கும் நமக்கு அது இயலாது போகுமா?

2022இல், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் ராபர்ட்டாவைத் தாக்கியிருப்பதாகவும், இனி அவரால் பாட இயலாது என்றும் அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 24ஆம் நாள், தம் 88ஆம் வயதில், அவர் மறைந்தார். அந்தக் குரலின் கடைசி ஆண்டுகள் மௌனத்தில் கழிந்தன.

வாய்ப்புள்ள அன்பர்கள் இந்த இசைத்தட்டைத் தேடிக் கேட்க வேண்டுகிறோம். வேறு வேலை செய்துகொண்டு கேட்க வேண்டாம். மாலை மன்றாட்டு முடிந்தபின், வீட்டார் உறங்கச் சென்றபின், விளக்கைத் தணித்துவிட்டு ஆறாம் பாடலை மட்டும் ஒருமுறை கேளுங்கள். மொழி முழுதும் விளங்காவிடினும் தாழ்வில்லை. கேட்டு முடித்த கையோடு அடுத்த பாடலுக்குச் சென்றுவிடாமல், சற்று நேரம் அப்படியே இருங்கள். உங்கள் நினைவில் அப்போது எழும் முகம் எதுவோ, அம்முகத்துக்கு உரியவரை மறுநாள் சென்று பாருங்கள்.